கணினி சும்மா இருக்கும்போதே ஃபேன் அலறுகிறதா? ப்ராசஸரைத் தின்னும் மால்வேரை வேரோடு எடுக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருநாள் மாலை போன் செய்தார். "தம்பி, சிஸ்டம் அனலா கொதிக்குது. ஒரு பிரிண்ட் கொடுத்தா வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகுது. வர்றவங்க எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். திரையில் எதுவும் திறந்திருக்கவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் இருந்த கேபினெட் மிக்ஸி மாதிரி இரைந்துகொண்டிருந்தது. பின்பக்கம் கையை வைத்தால் சூடான காற்று முகத்தில் அடிக்கிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியூ 100 சதவீதம் என்று ஒரு நொடி காட்டியது. அடுத்த நொடி 6க்கு இறங்கிவிட்டது. ஃபேனும் மெல்ல அடங்கியது. "பாத்தீங்களா, நீங்க வந்ததும் சரியாயிடுச்சு" என்றார் அண்ணன். டாஸ்க் மேனேஜரை மூடினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, இரைச்சல் திரும்ப வந்தது. மறுபடி திறந்தேன், அடங்கியது. மூடினேன், இரைந்தது.

ஆள் பார்க்க வந்தால் ஒளிந்துகொள்கிற நிரலுக்கு நல்ல நோக்கம் இருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் வந்து ஏதோ ஒரு ப்ராசஸை நிறுத்தி, ஒரு ஃபைலை அழித்து, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மறுநாள் காலை கடையைத் திறந்தால் அதே சத்தம். பெரும்பாலான வீடுகளிலும் கடைகளிலும் இதுதான் நடக்கிறது. ஓடுகிற நிரலை நிறுத்துகிறோம். அதைத் தினமும் எழுப்பிவிடுகிற ஏற்பாட்டை விட்டுவிடுகிறோம். அது எங்கே குடியிருக்கிறது, அதை எழுப்புவது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை எதையும் அழிக்க வேண்டாம். கீழே உள்ள வரிசையே அதற்காகத்தான். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

ப்ராசஸரை எதற்காகத் தின்கிறது?

காரணமில்லாமல் சிபியூவை மணிக்கணக்கில் முழுதாக ஓட்டும் மால்வேர் பெரும்பாலும் கிரிப்டோ மைனர்தான். உங்கள் கணினியின் உழைப்பில் வேறு யாரோ கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கிறார்கள். அதிகம் பயன்படுவது மொனீரோ. 2014 ஏப்ரலில் தொடங்கிய நாணயம் அது. 2019 நவம்பர் 30 முதல் ரேண்டம்எக்ஸ் என்ற கணக்கிடும் முறைக்கு மாறியது. மைனிங்குக்கென்றே செய்த விலை உயர்ந்த சிறப்புக் கருவிகளுக்கு ஆதாயம் இருக்கக் கூடாது, சாதாரண சிபியூவே நன்றாக மைனிங் செய்ய வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட முறை அது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதனாலேயே நம் வீட்டு லேப்டாப்பும் கடைக் கணினியும் திருடர்களுக்குப் பயனுள்ள பொருளாகிவிட்டன. எக்ஸ்எம்ரிக் என்ற திறமூல மைனிங் மென்பொருள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. திருடர்கள் அதையே எடுத்து, பெயரை மாற்றி, மறைத்து வைத்துவிடுகிறார்கள்.

பிரவுசருக்குள்ளேயே ஓடும் மைனரும் உண்டு. 2017 செப்டம்பரில் வந்த காயின்ஹைவ் அதைப் பரவலாக்கியது. 2019 மார்ச்சில் அந்தச் சேவை மூடப்பட்டது. அதற்குப் பின் இந்த வகைத் தொல்லை குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 65 வாட் இழுக்கும் ப்ராசஸர் இரவும் பகலும் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே ரீடிங் எடுக்கிறார்கள்? அந்த பில்லில் 90 யூனிட்டுக்கு மேல் இதற்கே போய்விடும்.

முதலில், நிஜமாகவே மால்வேர்தானா?

சிபியூ ஏறினாலே வைரஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் பார்த்த கணினிகளில் பாதிக்கு மேல் காரணம் வேறு.

"சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்" 95 சதவீதம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ப்ராசஸர் அவ்வளவு ஓய்வாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். "விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்" ஏறி நின்றால் அப்டேட் ஓடுகிறது. "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்" என்பது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர். அது ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறது. பல நாள் அணைத்து வைத்திருந்த லேப்டாப்பை முதல்முறை ஆன் செய்தால் இவை எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். சார்ஜரைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அடங்கினால் விஷயம் முடிந்தது. "சிஸ்டம் இன்டரப்ட்ஸ்" தொடர்ந்து அதிகமாக இருந்தால் டிரைவரிலோ ஹார்டுவேரிலோ கோளாறு. யூஎஸ்பி சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

அடுத்தது தூசி. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியூவைக் கிளிக் செய்தால் "ஸ்பீடு" என்றும் "பேஸ் ஸ்பீடு" என்றும் இரண்டு எண்கள் இருக்கும். பேஸ் ஸ்பீடு 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றிருக்க, வேலை நடக்கும்போதே ஸ்பீடு 0.8க்கு மேல் ஏறவில்லை என்றால் ப்ராசஸர் பெரும்பாலும் சூடு தாங்காமல் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் சின்ன வேலையும் 100 சதவீதம் என்று காட்டும். தேவைப்படுவது ஃபேனைத் துடைத்துப் புது தெர்மல் பேஸ்ட் வைப்பதுதான், ஆன்டிவைரஸ் அல்ல.

சரி, மால்வேர் என்று எப்போது சந்தேகப்படலாம்? எனக்கு முதல் அடையாளம் அதே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் தெரியும் சிபியூ வரைபடத்தின் வடிவம். அப்டேட்டும் ஸ்கேனும் ஓடினால் கோடு மேலும் கீழுமாகக் குதிக்கும். மைனர் ஓடினால் மேசைப் பலகை போல் ஒரே மட்டத்தில் நிற்கும். அது 100 ஆகத்தான் இருக்கும் என்றில்லை. கண்ணில் படாமல் இருக்க 50 சதவீதத்திலேயே நிறுத்திக்கொள்பவையும் உண்டு. அடுத்து ராம். ரேண்டம்எக்ஸ் முழு வேகத்தில் ஓட 2 ஜிபிக்குச் சற்று மேல் நினைவகம் வேண்டும். எதுவும் திறக்காத 4 ஜிபி கணினியில் ராம் நிரம்பி வழிந்தால் காரணம் தேட வேண்டும். மவுஸைத் தொடாமல் விட்டால் இரைச்சல் ஏறுவது, தொட்டதும் இறங்குவது, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மாயமாவது, திறந்த டாஸ்க் மேனேஜர் தானாகவே மூடிக்கொள்வது, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளம் மட்டும் திறக்காமல் போவது இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்திருந்தால் நான் மால்வேர் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவேன்.

நெட்டைத் துண்டியுங்கள்

சந்தேகம் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் இது. லேன் கேபிளைப் பிடுங்குங்கள், அல்லது வைஃபையை அணையுங்கள். அந்தக் கணினியில் பேங்க், மெயில் எதிலும் லாகின் செய்ய வேண்டாம். பென்டிரைவ் செருக வேண்டாம்.

இதிலேயே ஒரு சோதனையும் அடங்கியிருக்கிறது. மைனருக்கு வேலை வெளியிலிருந்து வர வேண்டும். நெட் போய்ச் சில நிமிடங்களில் ஃபேன் அடங்கி, நெட் வந்ததும் மறுபடி இரைந்தால் சந்தேகம் வலுக்கிறது. அப்டேட்டுக்கும் இப்படி நடக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது.

ஒளிந்திருப்பதைப் பார்ப்பது

இதற்கான சிறந்த கருவி ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது. 2006இல் அந்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. இன்றுவரை இலவசம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். மால்வேர் உள்ள கணினியில் இறக்க வேண்டாம். வேறு சுத்தமான கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். சற்றுமுன் செருகாதே என்றேன், இந்த ஒன்றுக்கு விதிவிலக்கு. வேலை முடிந்ததும் அந்தப் பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

மைனர் டாஸ்க் மேனேஜரைப் பெரும்பாலும் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரையும் பெயரால் அறிந்து ஒளியும் மைனர்கள் உண்டு. ஆகவே திறப்பதற்கு முன் அந்த ஃபைலின் பெயரை "கணக்கு" என்றோ வேறெதாவதோ மாற்றிவிடுங்கள். ஜெராக்ஸ் கடையில் இதைத்தான் செய்தேன். ஃபேன் இரைச்சல் நிற்கவேயில்லை. இரைச்சலோடு சேர்த்து அதைப் பார்க்க முடிந்தது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சிபியூ என்ற தலைப்பைச் சொடுக்கி அதிகம் தின்பவை மேலே வரும்படி அடுக்கினேன். முதல் வரியில் இருந்த பெயர் எஸ்விசிஹோஸ்ட்.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸின் சொந்த நிரல். நல்ல கணினியிலும் ஒரே நேரத்தில் பல டஜன் ஓடும். ஆகவே பெயரை நம்ப வேண்டாம், முகவரியைப் பாருங்கள். உண்மையானது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருக்கும். 64 பிட் விண்டோஸில் சிஸ்வாவ்64 ஃபோல்டரிலும் ஒன்று இருக்கலாம். அண்ணன் கணினியில் இருந்தது ப்ரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயருள்ள துணை ஃபோல்டரில். ஆப்டேட்டா, டெம்ப், பப்ளிக் ஆகிய ஃபோல்டர்களும் இவை விரும்பித் தங்கும் இடங்கள். எழுத்தில் ஏமாற்றுவதும் உண்டு. விசி என்பது சிவி என்று மாறியிருக்கும், ஓ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாகப் பூஜ்யம் இருக்கும்.

இந்தத் தந்திரம் பழையது. 2018 மார்ச் 6 அன்று டோஃபாயில் என்ற மால்வேர் ஒரு மைனரைப் பரப்பியது. விண்டோஸ் டிஃபெண்டர் முதலில் 80,000க்கும் மேற்பட்ட தாக்குதல்களைத் தடுத்தது, அடுத்த 12 மணி நேரத்தில் 4 லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி ரஷ்யாவில். அந்த மைனர் விண்டோஸ் அப்டேட் நிரலின் பெயரையே வைத்துக்கொண்டிருந்தது. பெயர் சரி, இருந்த ஃபோல்டர்தான் தவறு.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது கமாண்ட் லைன். ப்ராசஸின் மேல் மவுஸை வைத்தாலே காட்டும். டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் தலைப்பை வலது கிளிக் செய்து அந்தப் பத்தியைச் சேர்க்கவும் முடியும். மைனராக இருந்தால் அந்த வரியில் பல சமயம் ஸ்ட்ராட்டம் (மைனர் வெளியிலிருந்து வேலை வாங்கும் முறையின் பெயர்) என்ற சொல்லோ, 3333 போன்ற போர்ட் எண்ணோ, 4 என்ற எண்ணில் தொடங்கி இடைவெளியே இல்லாமல் ஓடும் நீண்ட எழுத்துச் சரமோ இருக்கும். எழுத்துகளை எண்ணினால் 95 வரும். அது திருடனின் மொனீரோ முகவரி. அண்ணனுக்கு அந்த வரியைக் காட்டினேன். "அப்போ நம்ம கரண்டு அவன் கணக்குக்குப் போகுதா?" என்று அந்தச் சரத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டார். ஆமாம், அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

சில மைனர்கள் நல்ல நிரலின் உடலுக்குள் புகுந்துகொள்ளும். அப்போது ஃபோல்டர் சரியாகவே இருக்கும். நோட்பேட் 50 சதவீத சிபியூ எடுப்பது, யாரும் திறக்காத நோட்பேட் வெளியூர் முகவரியோடு தொடர்பில் இருப்பது போன்றவை அதற்கு அடையாளம். ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் பக்கத்தில் எந்த ப்ராசஸ் எந்த முகவரியோடு பேசுகிறது என்று தெரியும்.

ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸ் பட்டியலில் வைரஸ்டோட்டல் சோதனையையும், ஃபைலைத் தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தின் சரிபார்ப்பையும் ஆன் செய்யலாம். நெட் வேண்டும் என்பதால் ஐந்து நிமிடம் மட்டும் இணைத்துப் பார்த்துவிட்டுத் துண்டித்துவிடுங்கள். வைரஸ்டோட்டல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டு 2012இல் கூகுள் வாங்கிய சேவை. எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்கள் அந்த ஃபைலைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும். ஒன்றிரண்டு மட்டும் சிவப்பாக இருந்தால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். இருபது, முப்பது என்றால் பேச்சே இல்லை. வைரஸ்டோட்டல் தளத்தில் உங்கள் சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள். ஏற்றும் ஃபைல் மற்றவர்கள் கைக்கும் போகும்.

நிறுத்துவதற்கு முன் உறைய வைப்பது

கண்டுபிடித்துவிட்டோம். உடனே கில் கொடுக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். மால்வேர் பல நேரம் ஜோடியாக ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை மறுபடி எழுப்பும். அதை நிறுத்தினால் இது எழுப்பும். அதனால் முதலில் சந்தேகப்படும் ஒவ்வொன்றையும் வலது கிளிக் செய்து சஸ்பெண்ட் கொடுங்கள். உறைந்து நிற்கும், ஆனால் உயிரோடு இருப்பதால் ஜோடி அதைத் தேடாது. எல்லாவற்றையும் உறைய வைத்த பிறகு ஒவ்வொன்றாக கில் செய்யலாம். கில் செய்வதற்கு முன் ஃபோல்டர் முகவரியையும் கமாண்ட் லைனையும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது தேவை.

எழுப்புவது யார்?

அந்த 500 ரூபாய் வேலை தோற்றது இந்த இடத்தில்தான். இதற்கான கருவி ஆட்டோரன்ஸ், அதே சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போதும் அதற்குப் பிறகும் தானாக எழும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியல் இதில் ஒரு சிறு பகுதிதான்.

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் கையெழுத்துகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் சில டஜனாகக் குறைந்துவிடும். இளஞ்சிவப்பு வரிகளுக்குச் சரியான கையெழுத்து இல்லை. மஞ்சள் வரிகள் குறிப்பிடும் ஃபைல் இப்போது அந்த இடத்தில் இல்லை. லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், சர்வீசஸ், டபிள்யூஎம்ஐ என்ற நான்கு பக்கங்களையும் நிதானமாகப் பாருங்கள். டபிள்யூஎம்ஐ என்பது விண்டோஸின் உள் நிர்வாக ஏற்பாடு. அந்தப் பக்கத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். சாதாரண வீட்டுக் கணினியில் அங்கே அநேகமாக எதுவும் இருக்காது. இருந்தால் கவனிக்க வேண்டும்.

அண்ணன் கணினியில் ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பக்கத்தில் பிரவுசர் அப்டேட் போலப் பெயர் வைத்த ஒரு டாஸ்க் இருந்தது. ஆனால் அது இயக்கியது நான் போட்டோ எடுத்து வைத்திருந்த அதே ப்ரோகிராம்டேட்டா ஃபோல்டரில் இருந்த ஃபைலை. தினமும், ஒவ்வொரு லாகினிலும், அதன் பின் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. யார் வந்து எத்தனை முறை எண்ட் டாஸ்க் கொடுத்தாலும் அடுத்த மணிக்கு எழுந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கையெழுத்து இல்லாத எல்லாமே மால்வேர் அல்ல. பழைய பிரிண்டர் டிரைவர், கைரேகைக் கருவிக்கான ஆர்டி சர்வீஸ், ஜிஎஸ்டி பில் போடும் சின்ன மென்பொருள் எல்லாம் இளஞ்சிவப்பாகவே வரலாம். அவற்றை எடுத்தால் மறுநாள் கடையில் கைரேகை எடுக்க முடியாமல் போகும். அதனால் அழிக்காதீர்கள், டிக்கை மட்டும் எடுங்கள். தவறாகிவிட்டால் திரும்ப டிக் போட்டால் போதும். ரீஸ்டார்ட் செய்து இரண்டு நாள் எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பிறகு அழிக்கலாம்.

டிஃபெண்டரின் கண்ணை யார் கட்டினார்கள்?

இவ்வளவு நாள் டிஃபெண்டர் ஏன் பிடிக்கவில்லை? விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் மேனேஜ் செட்டிங்ஸுக்குள் போய் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். இங்கே எழுதியிருக்கும் ஃபோல்டர்களை டிஃபெண்டர் தேடவே தேடாது. மால்வேர் உள்ளே வந்ததும் தன் ஃபோல்டரை இங்கே சேர்த்துவிடும். அண்ணன் கணினியில் சி டிரைவ் முழுவதுமே அதில் இருந்தது. காவலாளியை வீட்டுக்குள் பார்க்காதே என்று சொல்லி வாசலில் நிற்க வைத்த மாதிரி. நீங்கள் சேர்க்காத எல்லாவற்றையும் நீக்குங்கள். டிஃபெண்டரின் அமைப்புகளை மற்ற நிரல்கள் மாற்றவிடாமல் தடுக்கும் டேம்பர் ப்ரொடெக்ஷனை ஆன் செய்யுங்கள். சொந்த வீட்டுக் கணினியில் "இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்" என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால், அந்த நிர்வாகி மால்வேராக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆன்டிவைரஸ் தளங்கள் திறக்கவில்லை என்றால் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று வரிசையாகப் போய் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். நம்பர் குறியில் (#) தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள். அந்தக் குறி இல்லாத வரிகளில் ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர்கள் இருந்தால் அந்த வரிகளை நீக்கிச் சேமியுங்கள்.

இனி ஸ்கேன்

ஸ்கேனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கண்ணைக் கட்டியிருக்கும்போது ஸ்கேன் செய்தால் "எல்லாம் சுத்தம்" என்றே வரும்.

முதலில் நெட்டை இணைத்து டிஃபெண்டரை அப்டேட் செய்யுங்கள். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடத் தொடங்கும். மால்வேரும் எழுந்திருக்காது என்பதுதான் இதன் பலம். சுமார் 15 நிமிடம் ஆகும். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைப் போட்டுவிடுங்கள். அது முடிந்ததும் ஃபுல் ஸ்கேன். ஹார்ட் டிஸ்க் கணினியில் பல மணி நேரம் இழுக்கும், இரவில் விட்டுவிடலாம்.

இரண்டாவது கருத்து கேட்பது நல்லது. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போதும். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் நல்லது, ஆனால் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்தையும் பார்க்கலாம். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் அதைத் தொடங்கியது. இலவச நீக்கக் கருவிகள் அங்கே கிடைக்கின்றன. எப்போதும் காவல் காக்கும் இரண்டு முழு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக நிறுவாதீர்கள். ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, அவையே சிபியூவைத் தின்னும்.

மால்வேர் எந்தக் கருவியையும் திறக்கவிடவில்லை என்றால் சேஃப் மோடு. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைச் சொடுக்கி, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் ஆனதும் 4 என்ற எண்ணை அழுத்துங்கள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கலாம், அதாவது பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது 48 இலக்க பிட்லாக்கர் சாவியைக் கேட்கும். அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் முன்கூட்டியே எடுத்து எழுதி வைத்துக்கொண்டு பிறகு இறங்குங்கள்.

பிரவுசரையும் விட்டுவிடாதீர்கள். குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதற்கென்று தனி டாஸ்க் மேனேஜர் வரும். எந்தத் தாவல், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு சிபியூ எடுக்கிறது என்று தெரியும். நீங்கள் நிறுவாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள்.

எப்போது ஃபார்மட்?

இரண்டு முறை சுத்தம் செய்தும் திரும்ப வந்தால் போராட வேண்டாம், விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அந்தக் கணினியில் பேங்க் வேலையோ மற்றவர்களின் ஆதார், பான் நகல்களோ கையாளப்படுகின்றன என்றால், ஒரு முறை வந்தாலே புதிதாகப் போடுவதுதான் என் கட்சி. ஜெராக்ஸ் கடைக்கு அதைத்தான் செய்தோம். ஊரார் ஆவணங்கள் அதில் இருந்தன. அவ்வளவு வேலைக்குப் பிறகும் 'அநேகமாகப் போய்விட்டது' என்று மட்டுமே சொல்லக்கூடிய ஒரு கணினியில் அவற்றை வைத்திருக்க மனசு ஒப்பவில்லை.

படங்கள், ஆவணங்களை மட்டும் பேக்கப் எடுங்கள். எந்த மென்பொருள் இன்ஸ்டாலரையும் எடுக்காதீர்கள். பிறகு செட்டிங்ஸின் ரெக்கவரி பகுதியில் ரீசெட் கொடுத்து, எல்லாவற்றையும் நீக்கு என்பதையும் கிளவுட் டவுன்லோடையும் தேர்ந்தெடுங்கள். சுமார் 4 ஜிபி டேட்டா ஆகும். இல்லையென்றால் சுத்தமான வேறு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவில் தயார் செய்துகொள்ளலாம். கணினியோடு வந்த அசல் விண்டோஸ் என்றால் நெட் இணைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. "ஃபார்மட் போட்டுத் தர்றோம்" என்று யாரோ கொண்டுவரும் கிராக் (உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு) விண்டோஸ் பென்டிரைவை அனுமதிக்காதீர்கள். அண்ணன் கணினிக்குள் இந்த மைனர் வந்ததே இலவசமாகக் கிடைத்த போட்டோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் வழியாகத்தான். அந்த கிராக்கை நிறுவும்போது "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ரன் செய்யவும்" என்று எழுதியிருந்ததாம். அணைத்திருக்கிறார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எப்படியும் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால், கணினி தாங்குமானால் 11க்குப் போய்விடுங்கள்.

பாஸ்வேர்டுகள்

ஃபேன் சத்தம் நின்றதும் எல்லோரும் மறக்கும் படி இது. கிராக் வழியாக வரும் மைனரோடு பாஸ்வேர்டு திருடும் நிரலும் கூடவே வருவது சகஜம். மைனர் சத்தம் போடும், மாட்டிக்கொள்ளும். திருடும் நிரல் ஒரு நிமிடத்தில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைக்கும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும்.

போனிலிருந்தோ வேறு சுத்தமான கணினியிலிருந்தோ மாற்றுங்கள். முதலில் மெயில், ஏனென்றால் மற்றவற்றின் ரீசெட் எல்லாம் அங்கேதான் வருகிறது. அப்புறம் பேங்க், அப்புறம் சமூக வலைத்தளங்கள். பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது. குக்கீ திருடியவன் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். பணம் போயிருப்பது தெரிந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள், பேங்குக்கும் உடனே சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்தி வைக்க முடியும் என்பதால் இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

போய்விட்டதா என்று பார்ப்பது

கணினியை ரீஸ்டார்ட் செய்து, எதையும் திறக்காமல் 20 நிமிடம் விடுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், ஃபேனைக் கேளுங்கள். பிறகு பெயர் மாற்றிய ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தால் நல்லது. மூன்று நாள் காலையும் மாலையும் இதைச் செய்யுங்கள்.

கணினி சுத்தமாக இருக்கும் அந்த நாளிலேயே ஆட்டோரன்ஸைத் திறந்து, அந்தப் பட்டியலை ஒரு ஃபைலாகச் சேமித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி திறந்து, ஃபைல் பட்டியலில் உள்ள கம்பேர் வழியாக அந்தப் பழைய ஃபைலோடு ஒப்பிடுங்கள். புதிதாக முளைத்த வரிகள் பச்சையாகத் தெரியும். அண்ணன் கடையில் போன வாரம் ஒப்பிட்டோம். மூன்று பச்சை வரிகள் வந்தன. இரண்டு புது பிரிண்டருடையவை. மூன்றாவது, அவர் தானே நிறுவிய பில் போடும் மென்பொருள். ஒவ்வொன்றையும் அவரே ஃபோல்டர் முகவரியைப் பார்த்துச் சொன்னார்.